கைவண்டிப் பயணம்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் அமைந்த நாவூ நகரைவிட்டு மார்மன் சமயத்தார் 1846 பிப்ரவரியில் வெளியேறத் தொடங்கினர். அவர்தம் சமய நிறுவனர் ஜோசப் ஸ்மித் 1844-இல் சிறைக்குள்ளேயே கும்பல் ஒன்றால் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அதன் பின்னும் அண்டை ஊராரின் பகை தணியவில்லை. 1847 ஜூலையில் பிரிகாம் யங் தலைமையில் முதற்குழுவினர் உப்பு ஏரிப் பள்ளத்தாக்கை அடைந்தனர். மழை குறைந்த அந்நிலத்தில் ஓடையை மறித்து நீர் பாய்ச்சி ஏர் பூட்டுவதே முதல் வேலையாயிற்று.

விளைவில் பத்தில் ஒரு பங்கு சமயத்துக்கு உரியது. பணப்புழக்கம் இல்லாமையால் கோதுமையும் வெண்ணெயும் முட்டையுமே காணிக்கையாயின. மாதத்தின் முதல் வியாழன் நோன்பு நாள். அன்று உண்ணாது மிச்சமான உணவு ஏழையர்க்குச் சேர்ந்தது. மது, புகையிலை, தேநீர், காப்பி ஆகியவற்றை விலக்கி, ஊனைக் குறைக்கும் உணவு நெறியும் 1833 முதலே இருந்தது. எல்லா இல்லங்களிலும் அது கண்டிப்பாகக் கைக்கொள்ளப்பட்டது என்று சொல்வதற்கில்லை.

ஐரோப்பாவிலிருந்து வந்த வறியோர்க்கு எருது வாங்கப் பொருள் இல்லை. ஆகவே 1856-இல் கைவண்டித் திட்டம் வகுக்கப்பட்டது. ஆளுக்கு ஏறத்தாழ 8 கிலோ மூட்டை. அயோவா நகரிலிருந்து சுமார் 2,000 கிலோமீட்டர் நடை. அவ்வாண்டின் கடைசி இரு குழுக்களும் காலந்தாழ்ந்தே புறப்பட்டன. பர்மாவில் சமயப் பணியாற்றித் திரும்பிக்கொண்டிருந்த லீவை சாவேஜ், குளிர்காலம் கழியும்வரை தங்குவோம் என வழியில் மன்றாடினார். பெரும்பாலோர் கேளாது போகவே, தாமும் உடன் சென்று உடன் துன்புறுவதாகக் கூறி நடந்தார். அக்டோபரில் பனி வீழ்ந்தது, மாவும் தீர்ந்துவந்தது. சுமார் ஆயிரம் பேரில் இருநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

செய்தி எட்டியபோது உப்பு ஏரி நகரில் சமய மாநாடு கூடவிருந்தது. பிரிகாம் யங் ஏனைய பொருள்களை ஒதுக்கிவைத்து, கோவேறு கழுதைகளையும் வண்டிகளையும் மாவையும் கேட்டார். பெண்டிர் அவையிலேயே தம் உள்ளாடைகளையும் காலுறைகளையும் கழற்றிக் கொடுத்தனர் என்பர். அக்டோபர் 7-ஆம் நாள் மீட்புக்குழு புறப்பட்டது. (தாமதத்துக்கு முகவர்களைக் கடிந்த யங்கே இத்திட்டத்தை வகுத்தவர் என்பதும் மறத்தற்கில்லை.)

எஞ்சியோர் நகரை நெருங்கிய நவம்பர் 30 ஒரு ஞாயிறு. யங் பிற்பகல் வழிபாட்டை நிறுத்தினார். வேண்டுதலினும் சுட்ட உருளைக்கிழங்கும் பாலும் இப்போது அவர்களுக்குத் தேவை என்று கூறி, பெண்டிரை வீடுகளுக்கு அனுப்பினார்.