கலுங்கு இல்லாத சுவர்

எங்க ஊர் திருச்சுழிக்குப் பக்கம். கரிசலும் கருவேலமுள்ளும் உள்ள வானம் பார்த்த பூமி. கடல் தெற்கே ரெண்டு நாள் நடை. பஞ்ச காலத்தில் எங்க ஆளுங்க உப்பளத்துக்குக் கூலிக்குப் போய்த்தான் கடலைப் பார்த்தார்கள். இந்த ஊர்க்காரனுக்குக் கடற்சுவரைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. ஒரு சுவரை நம்பி அதற்குக் கீழே குடியிருப்பது எப்படிப்பட்டதென்று எங்களுக்குத் தெரியும். எங்க சேரி கம்மாக்கரைக்குக் கீழே இருந்தது.

என் தாத்தா நீர்க்கட்டி. மடையைத் திறப்பது, அடைப்பது, வயலுக்கு வயல் தண்ணி பாய்ச்சுவது அவர் வேலை. கூலி, அறுப்புக் களத்தில் அள்ளிப்போடும் நெல். மழை ராத்திரியில் அரிக்கேன் விளக்கோடு கரையில் நடப்பார். நண்டு வளை, எலி வளை, கரையின் அடியில் கசியும் ஊத்து எல்லாம் அவருக்கு அத்துபடி. தண்ணி அளவு மீறினால் வழிந்து போக ஒரு கலுங்கு உண்டு. அதன் மேலே வரிசையாகக் குத்துக்கல். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் புல்கரணையும் மண்ணும் வைத்து அடைத்தால் கம்மாயில் இன்னும் கொஞ்சம் தண்ணி நிற்கும். பெருமழை வந்தால் அந்த மண்ணை எடுத்துவிட வேண்டும். எப்போது எடுக்கணும் என்று தாத்தாவுக்குத் தெரியும். எடுக்கச் சொல்லும் அதிகாரம் மட்டும் அவருக்குக் கிடையாது.

நான் ஆறாவது படிக்கும்போது ஒரு ஐப்பசி. மூணு நாள் மழை. "கலுங்கைத் திறந்துவிடுங்க சாமி, கரை தாங்காது" என்று தாத்தா ஊருக்குள் போய்ச் சொன்னார். "தண்ணியைக் காணாத ஊருடா இது. இன்னும் ரெண்டு நாள் நிக்கட்டும்" என்றார்கள். அன்று ராத்திரி கரை உடைந்தது. ஊர் மேட்டில் இருந்தது. சேரி பள்ளத்தில் இருந்தது. என் சின்னையாவின் ரெண்டு வயது மகளை விடிந்த பிறகு கருவேலங்காட்டில்தான் எடுத்தோம்.

பஞ்சாயத்தில் சொன்ன காரணம்: "நீர்க்கட்டி தூங்கிட்டான்."

அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். கரையை உயர்த்திக் கல் பதித்தார்கள். இனி பயமில்லை என்றார்கள். வெள்ளத்துக்குப் பயந்து மேட்டுப் புறம்போக்கில் குடிசை போட்டிருந்த எங்களை இறக்கி, அதே கரைக்குக் கீழே வீட்டுமனைப் பட்டா கொடுத்தார்கள். தாத்தா மட்டும் இறங்கவில்லை. "கரை ஒசந்தா தண்ணியும் ஒசரும்டா" என்றார். கிறுக்கன் என்று நாங்களே சிரித்தோம்.

தாத்தா சொன்னதைத்தான் கில்பர்ட் வைட் என்ற அமெரிக்கப் புவியியல் அறிஞர் 1940களில் எழுதிவைத்தார். ஆற்றுக்குக் கரை கட்டக் கட்ட, அதை நம்பி வெள்ளக்காட்டுக்குள் குடியேறுகிறவர்கள் பெருகுகிறார்கள். கரை சின்ன வெள்ளங்களைத் தடுக்கிறது. அதனால் பெரிய வெள்ளம் மறந்துபோகிறது. அது வரும்போது முன்னைவிட அதிகச் சேதம் ஆகிறது. வைட் சொன்னதோடு எங்க அனுபவத்தில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். கரைக்கு அடியில் யார் குடியிருப்பது என்பதைச் சாதி முடிவு செய்கிறது.

சட்டமும் அப்படித்தான் இருந்தது. 1858இல் வெள்ளைக்காரன் மதராஸ் மாகாணத்துக்குக் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டான். ஏரிக்கரை, ஆற்றங்கரை உடையும் ஆபத்து வந்தால் அக்கம்பக்கத்து உழைக்கும் வகுப்பு ஆண்களை வேலைக்கு இழுக்கலாம். ஆக, உடையும் கரையைத் தாங்கும் கடமை நமக்கு. கலுங்கைத் திறக்கும் உரிமை ஆயக்கட்டுக்காரனுக்கு.

2004 டிசம்பர் 26. தமிழ்நாட்டில் சுனாமி ஏறக்குறைய 8,000 பேரைக் கொண்டுபோனது. அதில் 6,000க்கும் மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தில். அடுத்த மாதம் அரிசியும் போர்வையும் ஏற்றிய லாரியில் நானும் நாகைக்குப் போனேன். பிணம் எடுக்க வெளியூர் நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களைக் கொண்டுவந்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. படகையும் வலையையும் கணக்கெடுத்தார்கள். மீன் சுமந்தவர்கள், உப்பளக் கூலிகள், உப்பேறிய வயலில் வேலை இழந்தவர்கள் பல இடங்களில் அந்தக் கணக்குக்குள்ளேயே வரவில்லை. இதைப் பல உண்மையறியும் குழுக்கள் அப்போதே எழுதின.

அப்போது எல்லோர் வாயிலும் புதுச்சேரிதான். வெள்ளைக்காரத் தெருக்களுக்கு முன்னால் பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்து நிற்கும் கல்சுவர் நகரத்தைக் காப்பாற்றியது என்றார்கள். நகரத்து நடுப்பகுதி தப்பியது உண்மை. ஆனால் அதே புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளில் ஏறக்குறைய 600 பேர் செத்தார்கள். செத்தவர்கள் பெரும்பாலும் குப்பங்களில் இருந்தவர்கள். சுவர் யாருக்காகக் கட்டப்பட்டதோ அவர்களைக் காப்பாற்றியது.

அந்தச் சுவருக்கு இன்னொரு கதையும் உண்டு. நம் கிழக்குக் கடற்கரையில் அலை மணலை வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகிறது. 1980களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் நீட்டினார்கள். மணல் தெற்கே தேங்கியது. வடக்கே நகரத்துக் கடற்கரை காணாமல் போனது. அதைத் தடுக்கக் கல் கொட்டினார்கள். கல் முடியும் இடத்தில் அடுத்த குப்பத்தைக் கடல் தின்றது. அங்கேயும் கல் கொட்டினார்கள். தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று அரிப்பு தமிழ்நாட்டு எல்லைக்குள் ஏறியது. சென்னையில் 1870களில் துறைமுகம் கட்டத் தொடங்கிய பிறகு நடந்ததும் இதேதான். தெற்கே மெரினாவில் மணல் பெருகியது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்க் கரைகள் அறுந்தன.

இன்று குப்பத்து மக்களே கல்சுவரும் தூண்டில் வளைவும் கேட்டு மறியல் செய்கிறார்கள். வீட்டுச்சுவரில் அலை அடிக்கும்போது வேறென்ன கேட்பார்கள்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நாங்களும் பட்டா வாங்கிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினவர்கள்தான். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கல் வருஷா வருஷம் வரும் அலைக்கு அளந்து கொட்டியது. சுனாமிக்கு அளந்ததல்ல. சுவரில் மோதித் திரும்பும் அலை அடிமணலைப் பறிக்கிறது. கல் இறங்குகிறது. கரைவலை இழுக்கவும் படகேற்றவும் இருந்த மணலும் போய்விடுகிறது. கல்லைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது தெரிவதில்லை.

ஜப்பானில் தாரோ என்றொரு கடலோர ஊர். 1896இலும் 1933இலும் சுனாமியில் அழிந்தது. 10 மீட்டர் உயரத்தில் மொத்தம் 2.4 கிலோமீட்டருக்குச் சுவர் எழுப்பினார்கள். உலகமே வந்து பார்த்தது. 2011 மார்ச் 11இல் கடல் அதைத் தாண்டி வந்தது. ஒரு பகுதி சுவரே உடைந்தது. சுவர் இருக்கிறதென்று நம்பி ஓடாமல் நின்றவர்களும் செத்தார்கள். அதே நாட்டில் புதாய் என்ற ஊரை 15.5 மீட்டர் உயர மதகு காப்பாற்றியதையும் மறைக்கக் கூடாது. சுவரே வேண்டாம் என்பதல்ல என் கட்சி. சுவருக்கு ஒரு அளவு உண்டு, அந்த அளவை அதற்குப் பின்னால் குடியிருப்பவனுக்குச் சொல்ல வேண்டும் என்கிறேன்.

கடலைப் பார்த்துச் சுவர் கட்டினால் முதுகுப்பக்கமும் தண்ணி வரும். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடி மாவட்டத்தில் பல குளங்கள் உடைந்தன. கடலோர மக்களை அன்று மூழ்கடித்தது கடல் அல்ல, குளத்துத் தண்ணி.

திருச்சுழிக்கு அந்தப் பெயர் வந்ததற்கு ஒரு கதை சொல்வார்கள். பிரளயம் வந்தபோது சிவன் சூலத்தால் பூமியில் துளை போட்டாராம். வெள்ளம் சுழித்து உள்ளே இறங்கியதாம். 1947இல் ஆலய நுழைவுச் சட்டம் வருவதற்கு முன்னால் எங்க தாத்தாமார் இதைக் கோயிலுக்கு வெளியே நின்றுதான் கேட்டிருப்பார்கள். எனக்குச் சாமி முக்கியமில்லை. கதையில் சாமி சுவர் கட்டவில்லை, வழி விட்டது. அது கலுங்குக் கதை.

கடற்சுவருக்குக் கலுங்கு கிடையாது. அதனால் மனுசனுக்காவது வழி வேண்டும். ஓடுவதற்குப் பாதை, ஏறுவதற்கு மேடு, அந்த மேட்டில் சேரிக்கும் இடம். மேடு யார் பேரில் பட்டாவாக இருக்கிறது என்று கேட்காமல் சுவரின் உயரத்தை மட்டும் பேசுவது ஏமாற்று.

எங்க குண்டாறு திருச்சுழியைத் தொட்டு ஓடி மூக்கையூரில் கடலைச் சேர்கிறது. அங்கேயும் இப்போது துறைமுகத்துக்குக் கல்சுவர் கடலுக்குள் நீண்டிருக்கிறது. போன வருஷம் போய் அதன்மேல் நடந்து பார்த்தேன். நல்ல உறுதியான சுவர். தாத்தா ஞாபகத்தில், கல் இடுக்கில் எங்கே கசிகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தேன்.