எடைக்குப் போகாத பை

ஆடி மாதத்தில் ஒரு நாள் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குப் பேருந்தில் சன்னலோரமாக உட்கார்ந்து செல்லுங்கள். ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வழி. கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி என்று ஊர்கள் வரும்போது, ஊருக்கு முன்னும் பின்னும் சாலையோரத்து வேலிகாத்தான் முட்களைக் கவனியுங்கள். வெள்ளை, கறுப்பு, இளஞ்சிவப்பு எனப் பல நிறங்களில் ஏதோ பூத்திருப்பதுபோல் அங்கங்கே தோன்றும். அது பூ அன்று. காற்று கொண்டுவந்து மாட்டிய பை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. அம்மி பறந்து நான் பார்த்ததில்லை. பை பறப்பதை நீங்களும் நானும் நாள்தோறும் பார்க்கிறோம்.

இந்த இரண்டு ஊர்களில் மட்டுமல்ல, நம் ஊர்த் தெருக்கள் பலவற்றிலும் குடியிருப்போர் சொல்லும் குறை ஒன்று உண்டு. மக்கும் குப்பைக்கு ஒரு வாளி, மக்காத குப்பைக்கு ஒரு வாளி என்று பிரித்து வைக்கிறோம். வண்டி வரும் நேரம் தெரிவதில்லை. வேலைக்குப் போகிறவர்கள் வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள். நாய் இழுக்கிறது, மாடு கிழிக்கிறது, மீதியைக் காற்று எதிர்வீட்டு வாசலில் கொண்டுபோய்ப் போடுகிறது. எதிர்வீட்டுக்காரர் நம்மை முறைக்கிறார். வண்டி வந்தாலோ, பிரித்து வைத்த இரண்டும் ஒரே குவியலில் விழுவதைக் கண்டு மனம் சலித்துப்போகிறது.

குறை நியாயமானதுதான். ஆனால் ஒரு கேள்வியை முதலில் கேட்டுக்கொள்வோம். பழைய செய்தித்தாளும் இலேசான பொருள்தானே. அது ஏன் முள்ளில் போய்க் குவிவதில்லை?

எடைக்குப் போடும் வழக்கம்

விடை உங்கள் வீட்டுப் பரண்மேல் இருக்கிறது. செய்தித்தாளை நாம் தெருவில் எறிவதில்லை. சேர்த்து வைத்து எடைக்குப் போடுகிறோம். குப்பையைத் தரம் பிரிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்வதற்கு முன்பே தமிழ்நாட்டு வீடுகளில் தரம் பிரிப்பு நடந்துகொண்டிருந்தது. காகிதம் ஒரு மூலை, பாட்டில் ஒரு மூலை, ஓட்டைப் பித்தளைச் சொம்பு ஒரு மூலை. பழைய இரும்புக்கும் ஈயம் பித்தளைக்கும் பேரீச்சம்பழம் தருவதாகக் கூவிக்கொண்டு தெருவில் வந்தவரை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவர் வாங்கியது காயலான் கடைக்குப் போயிற்று; அங்கிருந்து உருக்கு உலைக்கும் காகித ஆலைக்கும் போயிற்று. இந்தச் சங்கிலி முழுவதும் ஒரே ஒரு கருவியை நம்பி இயங்கியது. அதுதான் தராசு. எடை இருந்தால் விலை. விலை இருந்தால் எடுப்பதற்கு ஆள்.

எடைக்குப் போகாதவையும் இருந்தன. மளிகைக் கடைப் பொட்டலம், பூக்காரம்மா கட்டித் தரும் வாழையிலை, சிற்றுண்டிக் கடை மந்தாரை இலை இவற்றை யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள். ஆனால் அவற்றை ஆடு தின்றது, மழை கரைத்தது, மண் ஏற்றது. நல்லெண்ணெய் வாங்கத் தூக்குச் சட்டியோடுதான் கடைக்குப் போனோம். திண்டிவனம் மல்லாட்டை விளையும் பூமி. அவ்வூர் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட இரகங்களுக்கு ஊர்ப் பெயரையே சுருக்கி டி.எம்.வி. என்று எண் கொடுத்திருக்கிறார்கள். அந்த மல்லாட்டையை வறுத்துச் சுருட்டிக் கொடுத்த காகிதக் கூம்பு, பேருந்து நிலையத்தில் எறியப்பட்டாலும் ஒரு மழைக்குத் தாங்காது.

ஆக, அன்றைய குப்பை இரண்டே வகை: தராசு ஏற்றது, மண் ஏற்றது. இந்த இரண்டுக்கும் இடையே மூன்றாவதாக ஒன்று வந்து சேர்ந்தது.

1933ஆம் ஆண்டு மார்ச் மாதம் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் எரிக் ஃபாசெட், ரெஜினால்டு கிப்சன் என்ற இருவர் எத்திலீன் வாயுவை மிகுந்த அழுத்தத்துக்கு உட்படுத்தியபோது, கலத்தின் உள்ளே மெழுகுபோன்ற வெண்பொருள் படிந்திருந்தது. எதிர்பாராமல் கிடைத்த அதுவே பாலித்தீன். இரண்டாம் உலகப் போரில் ரேடார் கருவிகளின் கம்பிகளுக்கு உறையாயிற்று. 1953இல் ஜெர்மனியின் கார்ல் சீக்லர் குறைந்த அழுத்தத்திலேயே அதைத் தயாரிக்கும் வழியைக் கண்டார். 1960களில் சுவீடன் நாட்டுப் பொறியாளர் ஸ்டென் குஸ்டாஃப் துலின் கைப்பிடியோடு கூடிய பையை வடிவமைத்தார். அந்தப் பைதான் நம் ஊர்க் கடைகளில் கொத்தாகத் தொங்கியது.

இப்போது ஒரு சிறு கணக்கு. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 20 மைக்ரான் தடிமனும், 30 சென்டிமீட்டர் அகலமும், 40 சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஒரு பையை எடுத்துக்கொள்வோம். இரு பக்கத் தாளையும் சேர்த்தால் அதன் எடை நாலரை கிராம். ஒரு கிலோ சேர 200க்கும் மேற்பட்ட பைகளைக் குனிந்து பொறுக்க வேண்டும். கண்ணாடிப் பாட்டிலானால் மூன்று நான்கு போதும். எந்தக் கூலிக்காரர் பையைப் பொறுக்குவார்?

அதே பையைக் காற்றின் பக்கமிருந்து பாருங்கள். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று அப்படியொன்றும் புயல் அன்று. விரிந்த பை அதற்கு நேர்முகமாக நின்றால், அதன்மேல் விழும் தள்ளுவிசை ஏறத்தாழ 180 கிராம் எடைக்குச் சமம். அதாவது பையின் சொந்த எடையைப் போல 40 மடங்கு! கனமின்மை என்ற ஒரே குணம், பையைத் தராசிடமிருந்து விலக்கிக் காற்றிடம் ஒப்படைத்துவிட்டது. நம் தெருக் குறையின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

பாரிசு கண்ட மூடி

குப்பை பறப்பதும் அதைப்பற்றிச் சண்டை வருவதும் நமக்கு மட்டும் வாய்த்தவை அல்ல. விழுப்புரத்திலிருந்து ரயிலேறிப் புதுச்சேரிக்குச் சென்று, பிரெஞ்சு அறிந்த ஒருவரிடம் குப்பைத் தொட்டிக்கு அம்மொழியில் என்ன சொல் என்று கேளுங்கள். ‘பூபெல்’ என்பார். அது ஒரு மனிதரின் பெயர்! பாரிசு நகரத்தை உள்ளடக்கிய சேன் மாவட்டத்தின் ஆட்சித் தலைவராக இருந்த எழேன் பூபெல், 1883 நவம்பரில் ஓர் ஆணை பிறப்பித்தார். ஒவ்வொரு கட்டட உரிமையாளரும் மூடியிட்ட தொட்டி வைக்க வேண்டும் என்றது ஆணை. அதுமட்டுமன்று, அழுகுவன ஒன்றிலும், காகிதமும் துணியும் ஒன்றிலும், கண்ணாடி, பீங்கான், சிப்பி ஓடுகள் ஒன்றிலுமாகப் பிரித்துப் போடவும் வேண்டும். நாம் புதுமை என்று எண்ணும் தரம் பிரிப்பு 140 ஆண்டுப் பழையது.

வீட்டுக்காரர்கள் செலவைச் சொல்லி முணுமுணுத்தார்கள். அதிகமாகக் கொதித்தவர்கள் கந்தல் பொறுக்குவோர். விடியற்காலையில் தெருவில் கொட்டிக்கிடந்த குவியலைக் கிளறிப் பிழைத்தவர்களுக்கு, மூடிய தொட்டி பிழைப்பின்மேல் போட்ட மூடியாகவே தோன்றியது. கேலியாகத் தொட்டிக்கு அவர் பெயரை வைத்தார்கள், பெயர் நிலைத்துவிட்டது. தொட்டி நிலைத்தது; மூன்றாகப் பிரிப்பது மட்டும் நிலைக்கவில்லை.

கனடா நாட்டு அனுபவம் இன்னொரு வகை. ஒன்டாரியோ மாநிலத்தின் கிச்சனர் நகரில் 1981இல் சோதனையாகத் தொடங்கி, 1983இல் ஊர் முழுவதும் வீட்டுக்கு ஒரு நீலப் பெட்டி கொடுத்தார்கள். காகிதம், பாட்டில், தகரக் குவளை ஆகியவற்றை அதில் இட்டு வாசலில் வைக்க வேண்டும். உலகம் மெச்சிய திட்டம். ஆனால் பெட்டிக்கு மூடி இல்லை! காற்றடித்த நாளில் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதே மாநிலத்தின் டொரண்டோ நகரம் 2008இல் மூடியும் சக்கரமும் கொண்ட தொட்டிக்கு மாறியது.

நம் தெருவுக்கு வருவோம். நெடுங்காலம் நமக்கிருந்தது தெருமுனைச் சிமென்ட் வளையத் தொட்டி. அதற்கும் மூடி கிடையாது. நிரம்பி வழிந்த இந்தத் தொட்டிகளைச் சகிக்க முடியாமல்தான் 1989இல் சென்னையில் எம்.பி. நிர்மல் ‘எக்ஸ்னோரா’ இயக்கத்தைத் தொடங்கினார். தெருவாசிகள் மாதந்தோறும் சிறு தொகை கொடுத்து, மூன்று சக்கர வண்டியோடு ஓர் ஆளை அமர்த்திக்கொண்டனர். குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்கள் பலர் இப்படிச் சம்பளக்காரர் ஆனார்கள். 1996இல் அல்மித்ரா படேல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அதன் தொடர்ச்சியாக 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் நகர்ப்புறத் திடக்கழிவு விதிகள் பிறந்தன. வீடு வீடாகச் சேகரிக்க வேண்டும், ஏற்றிச் செல்லும் வண்டி மூடியிருக்க வேண்டும், வழியில் சிதறக்கூடாது என்று அந்த விதிகளிலேயே எழுதியிருந்தது. அடுத்த முறை திறந்த வண்டியிலிருந்து ஒரு பை பறந்து உங்கள் முகத்தில் மோதினால், இந்த ஆண்டை நினைவுகூருங்கள்.

2016 ஏப்ரலில் வந்த விதிகள், வீட்டிலேயே பிரித்துக் கொடுப்பதைக் கடமையாக்கின. வாசலுக்கு வண்டி வருமென்று தெருமுனைத் தொட்டிகளைப் பல ஊர்களில் எடுத்துவிட்டார்கள். தொட்டி போனது நல்லதே. ஆனால் தொட்டி இரவும் பகலும் காத்திருக்கும், வண்டி காத்திருக்காது. இடைப்பட்ட அந்த இரண்டு மூன்று மணி நேரத்தைக் காற்று எடுத்துக்கொண்டது.

தடிமனும் விலையும்

அரசு இன்னொரு வழியையும் முயன்றது. 1999இல் பைகள் குறைந்தது 20 மைக்ரான் தடிமன் இருக்க வேண்டும் என்றது. 2011இல் அது 40 ஆயிற்று, 2016இல் 50, 2021 செப்டம்பர் இறுதியில் 75, 2022 டிசம்பர் இறுதியில் 120. ஏன் இப்படித் தடித்துக்கொண்டே போகிறது? மேலே சொன்ன பையை 120 மைக்ரானில் செய்தால் எடை 27 கிராம். 37 பைகளில் ஒரு கிலோ சேர்ந்துவிடும். காற்று அதையும் தள்ளத்தான் செய்யும். 18 கிலோமீட்டர் வேகக் காற்றின் தள்ளுவிசை அதன் எடையைப் போல ஆறு மடங்குக்கு மேல். எனவே தடித்த பை பறக்காது என்று எண்ணிவிடாதீர்கள். பறப்பதற்குமுன் ஒரு கை அதை எடுக்கக்கூடும் என்பதே இதிலுள்ள நம்பிக்கை. தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் தடிமன் எதுவாயினும் பிளாஸ்டிக் கைப்பைக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கமும் தொடங்கப்பட்டது. ஆயினும் முட்கள் இன்னும் முற்றிலும் வெறுமையாகவில்லை.

மெல்லிய பைக்கே ஒரு பயனைத் தேடியவர் மதுரைத் தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன். சூடேற்றிய சரளைக் கல்மேல் துண்டாக்கிய பையைத் தூவினால், அது உருகிக் கல்லைப் போர்த்திக்கொள்கிறது. அதன்மேல் தார் நன்றாகப் பிடிக்கிறது. 2002 முதல் இம்முறையில் சாலைகள் போடப்பட்டன. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

பையைவிடச் சிறியது ஒன்று உண்டு. அதன் கதை நம் பக்கத்துக் கதை. 1993இல் தனி மாவட்டம் ஆகும்வரை விழுப்புரமும் திண்டிவனமும் கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தன. அந்தக் கடலூரில் சின்னி கிருஷ்ணன் என்பவர் 1970களில், பெரிய பாட்டில் வாங்க இயலாதவரும் வாங்கும்படி பொருள்களைச் சிறு உறைகளில் அடைத்து விற்றார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் அங்கேயே ‘சிக்’ ஷாம்பூவைத் தொடங்கினார். ஏழை வீட்டுப் பெண்ணும் தலைக்கு ஷாம்பூ தேய்த்துக்கொள்ள முடிந்தது. இதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஒரு கிராம் அளவேயான அந்த உறை, பல படலங்களை ஒட்டிச் செய்தது. பிரித்து உருக்குவது கடினம். எந்தத் தராசும் அதை ஏற்பதில்லை.

ஒரே ஒரு காலத்தில் மட்டும் அந்த வெற்றுறைக்கு விலை இருந்தது. எந்த நிறுவனத்துடையதாயினும் ஐந்து காலி உறைகளைக் கொண்டுவந்தால் ஒரு ‘சிக்’ உறை இலவசம் என்று அறிவித்தார்கள். விற்பனையைப் பெருக்கச் செய்த உத்திதான். தெருவைத் தூய்மையாக்க அன்று. ஆனாலும் குளியலறை மூலையில் கிடந்தவை கடைக்குத் திரும்பின. 2022இல் நீலகிரியில், உயர் நீதிமன்ற உத்தரவின்படி, மதுபாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தந்தபோதும் நடந்தது இதுதான். காட்டில் உடைந்து கிடக்க வேண்டிய பாட்டில்களில் பெரும்பகுதி கடைக்கு வந்து சேர்ந்தது.

உங்கள் ஊர்ப் பழைய பேப்பர் கடைக்குச் சென்றால் சற்று நின்று பாருங்கள். கடைக்காரர் கட்டைப் பிரித்துக் காகிதத்தைத் தட்டில் வைப்பார். இடையில் சிக்கிய மெல்லிய பை ஏதேனும் இருந்தால், எடை போடுமுன் அதை உருவி வெளியே போடுவார். வாசலில் விழுந்த அந்தப் பை சற்று நேரம் அங்கேயே கிடக்கும். பேருந்து ஒன்று கடந்து போனால் எழுந்து அதன் பின்னாலேயே போகும்.