கேடிலாக் காரும் ஒரு டிங்கரின் வயிற்றுவலியும்

கொஞ்சம் நீளமான இழைங்க. பழைய அமெரிக்கக் கார் வாங்கிப் புதுப்பிக்கணும்னு ஆசை உள்ளவங்களும், டிங்கரிங், பெயின்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறவங்க வீட்டில் உள்ளவங்களும் முழுசா படிச்சிடுங்க.

காரைக்காலில் என்னிடம் ஒருவர் வந்தார். நாற்பது வயதைத் தாண்டிய டிங்கர். (அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம்.) மூணு வாரமா வயிற்றில் சுருட்டிச் சுருட்டிப் பிடிக்கும் வலி. மலச்சிக்கல். ஸ்கேன் நார்மல். எண்டோஸ்கோப்பி வரை போய்விட்டு, ஒரு பை நிறைய அல்சர் மாத்திரையோடு வந்திருந்தார். கண் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்திருக்கு. ரத்தசோகை.

"என்ன வேலைண்ணே?"

"டிங்கரிங் டாக்டர். நாலு மாசமா ஒரே வண்டி. அமெரிக்கா வண்டி, கேடிலாக். சென்னையில் ஒரு ஷெட்டில் கிடந்ததாம். ஓனர் ரெடி பண்ணி விக்கப் போறார். பழைய பூச்சு மொத்தத்தையும் கிரைண்டர் போட்டு எடுக்கிறேன்."

ரத்தத்தில் காரீயத்தின் அளவைப் பார்க்க எழுதிக் கொடுத்தேன். ரிசல்ட் வந்த அன்று அல்சர் மாத்திரைகளை நிறுத்தினேன்.

இந்த வண்டியின் கதையைச் சொன்னால்தான் அந்த வலி புரியும்.

கேடிலாக் என்பது ஒரு பிரெஞ்சுக்காரரின் பெயர். அந்துவான் தெ லா மோத் கேடிலாக், 1701இல் டெட்ராய்ட் நகரை நிறுவியவர். பிறகு அந்த ஊர் பிரெஞ்சுக்காரர் கையை விட்டுப் போயிற்று. நம்ம காரைக்கால் 1739இல் அவர்கள் கைக்கு வந்து, 1954 நவம்பர் 1இல் அவர்கள் கையை விட்டுப் போனது. 1954ஐ ஞாபகம் வச்சுக்குங்க, திரும்ப வரும்.

ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாயில் ஆலை போட்டு, உதிரி பாகங்களைக் கொண்டுவந்து செவ்ரோலே கார்களைப் பூட்ட ஆரம்பித்தது. வசதி உள்ளவர்களுக்கு பியூக், அதற்கும் மேலே கேடிலாக், பேக்கார்ட். சுதந்திரத்துக்குப் பிறகு அரசு ஒரு கணக்குக் கேட்டது: இங்கேயே உற்பத்தி செய்வீர்களா, வெறுமனே பூட்டிக் கொடுப்பீர்களா? பூட்டுகிறவர்களுக்கு இனி இடமில்லை என்றானதும் ஜெனரல் மோட்டார்ஸ் கடையை மூடியது. அதுவும் 1954இல்தான். அதன்பின் நாம் ரோட்டில் பார்த்த பெரிய அமெரிக்க வண்டிகளில் பல, தூதரகங்கள் பயன்படுத்திவிட்டு அரசு வர்த்தகக் கழகம் வழியாக விற்றவை. இருப்பது கொஞ்சம், கேட்பவர் நிறைய. ஷெட்டில் கோழி அடைந்து கிடக்கும் கூட்டுக்குக்கூட இன்று விலை இருப்பது அதனால்தான்.

இப்ப கதையின் நாயகர். சார்லஸ் கெட்டரிங்.

அந்தக் கால வண்டியை முன்பக்கம் ஹேண்டில் போட்டுச் சுற்றித்தான் ஸ்டார்ட் செய்யணும். ஸ்பார்க் முந்திக்கொண்டால் எஞ்சின் திருப்பி அடிக்கும். மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கத்து எலும்பின் நுனி உடையும். எலும்பு மருத்துவத்தில் இன்றும் அதற்குப் பெயர் 'ஷோஃபர் முறிவு'. டிரைவர் முறிவுன்னு வச்சுக்குங்களேன். கேடிலாக் தலைவர் ஹென்றி லேலண்டின் நண்பர் ஒருவர், நின்றுபோன வண்டியை ஸ்டார்ட் செய்து கொடுக்கப் போய் அடிபட்டு இறந்தார் என்றும், அந்த வருத்தத்தில்தான் லேலண்ட் வேறு வழி தேடினார் என்றும் சொல்வார்கள். கெட்டரிங் எலக்ட்ரிக் ஸ்டார்ட்டரைச் செய்து கொடுத்தார். 1912 கேடிலாக்கில் அது வந்தது. எத்தனை மணிக்கட்டுகள் தப்பியிருக்கும்!

அதே கெட்டரிங்கின் ஆய்வுக்கூடத்தில்தான், 1921 டிசம்பரில், தாமஸ் மிட்ஜ்லி பெட்ரோலில் காரீயச் சேர்மத்தைக் கலந்து எஞ்சினின் 'நாக்கிங்'கை நிறுத்தினார். பெரிய, பலமான எஞ்சின்களுக்கு வழி திறந்தது. 1923இல் 'எத்தில்' என்ற பெயரில் விற்பனை. பெயரில் ஈயம் என்ற வார்த்தையே கிடையாது, கவனிங்க. அதே ஆண்டு மிட்ஜ்லியே காரீய நஞ்சால் படுத்தார். 1924 அக்டோபரில் நியூஜெர்சி ஆலையில் ஐந்து தொழிலாளர்கள் சித்தம் கலங்கிச் செத்தார்கள். ஆனாலும் விற்பனை நிரந்தரமாக நிற்கவில்லை. இந்தியாவில் அந்தப் பெட்ரோல் ஒழிந்தது 2000இல். உலகில் கடைசியாக அல்ஜீரியாவில், 2021இல். சரியா நூறு வருஷம்.

இன்னொன்று. நியூயார்க்கின் புகழ்பெற்ற ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தின் பெயரில் இருப்பவரும் இதே கெட்டரிங்தான். கூட இருக்கும் ஸ்லோன், ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர். இதை எந்தத் தராசில் வைப்பதென்று எனக்குத் தெரியலைங்க.

சரி, நம்ம டிங்கருக்கு எங்கிருந்து வந்தது? பெட்ரோலிலிருந்து இல்லை.

அன்றைய கார்களில் பாடித் தகடுகள் சேரும் இடத்தை இன்றைய பட்டி போட்டு அடைக்கவில்லை. காரீயமும் வெள்ளீயமும் கலந்து உருக்கி, மரக்கரண்டியால் தேய்த்து மொழுகினார்கள். கேடிலாக்கின் அந்த வழுவழுப்பு அப்படி வந்தது. பழைய பெயின்டிலும் காரீயம் உண்டு. "பாத்திரத்துக்கு ஈயம் பூசிச் சாப்பிடலையா டாக்டர்?" என்று கேட்டார். அது வெள்ளீயம்ணே, இது வேற. கிரைண்டர் வைத்தால் தூளாகப் பறக்கும், கேஸ் வைத்துச் சூடாக்கினால் புகையாக வரும். நம்ம ஊர் உப்புக்காற்றில் தகடெல்லாம் துரு, அதனால் இழைக்கும் வேலையும் அதிகம். முகத்தில் ஒரு கர்ச்சீப் மட்டும் கட்டியிருந்தார்.

பிரேக்கும் இருக்கு. பழைய பிரேக் ஷூவில் இருப்பது கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். டிரம்மைக் கழற்றியதும் கம்ப்ரஸர் காற்று அடித்துச் சுத்தம் செய்வது நம் பட்டறைப் பழக்கம். தயவுசெய்து வேண்டாம். ஈரத்துணியால் துடைங்க. அந்தத் தூள் நுரையீரலில் செய்யும் வேலை தெரிய இருபது, முப்பது, நாற்பது வருஷம்கூட ஆகும்.

வண்டி வாங்கப் போறவங்களுக்குக் காகித விஷயம். ஆர்சி புத்தகத்தில் உள்ள எஞ்சின், சேசிஸ் எண்களை டார்ச் அடித்து வண்டியிலேயே பாருங்க. 2021 விதிப்படி ஐம்பது வயது தாண்டிய, அசல் அமைப்பு மாறாத வண்டிக்குத் தனிப் பதிவு உண்டு. நம்பரில் 'விஏ' என்று வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ கூடாது. பேரம் பேசும்போதே டிங்கருக்கு நல்ல மாஸ்க், தண்ணி போட்டு இழைக்கும் உப்புத்தாள், ஆறு மாசத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை, இதையும் செலவுக் கணக்கில் எழுதிடுங்க. குரோம் பம்பருக்கு ஆகும் காசில் இது ஒரு மூலைக்குக்கூட வராது.

அண்ணனை வேலையிலிருந்து நிறுத்தி, மருந்து கொடுத்தோம். வலி போச்சு. ரத்தசோகை மெதுவாத் தேறுது. வீட்டில் யாரெல்லாம் என்று கேட்டேன். நாலு வயசுப் பெண் குழந்தை. சாயங்காலம் அப்பா வந்ததும் அந்தச் சட்டையிலேயே ஏறித் தோளில் உட்காருமாம்.

குழந்தைக்கும் டெஸ்ட் எடுத்தோம். அப்பா அளவுக்கு இல்லை. ஆனால் இருந்தது. குழந்தைகளுக்கு இதில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது.

இப்ப பட்டறையிலேயே குளித்து, சட்டை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போகிறார். வண்டிக்கு பெயின்ட் அடித்தாயிற்று, கறுப்பு நிறம், போட்டோ அனுப்பினார். அழகா இருக்கு, பொய் சொல்லக் கூடாது. அடுத்த மாசம் பாப்பாவுக்கு மறுபடி ரத்தம் எடுக்கணும்.