மணல் திட்டுகளும் ஒரு நாவலும்

மலர்க் குழுவினர், "நீங்கள் வரலாறு படித்தவர், ஏதாவது வரலாறாகவே எழுதித் தாருங்கள்" என்றார்கள். நான் எழுதப்போவதோ ஒரு கதைப் புத்தகத்தைப் பற்றி. கடைசி பெஞ்சில் அதை ஒளித்து வைத்துப் படித்தபோது புரொபசர் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். "கதைக்கும் வரலாற்றுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்றார். அன்று விழித்தேன். பதில் இதோ.

எர்ஸ்கின் சில்டர்ஸ் 1903-ல் எழுதிய 'தி ரிடில் ஆஃப் தி சாண்ட்ஸ்' தான் அந்தப் புத்தகம். பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் குமாஸ்தா உத்தியோகம் பார்த்தவர் அவர். 1897-ல் 'விக்ஸன்' என்ற சிறு பாய்மரப் படகில் ஜெர்மனியின் வடகடல் கரையைத் தாமே சுற்றிவந்தார். அந்த அனுபவம்தான் நாவலாயிற்று.

கதை நடக்கும் இடம் ஃபிரீசியத் தீவுகள். போர்க்கும் முதல் வாங்கரோக வரை ஏழு தீவுகள். அவற்றுக்கும் கரைக்கும் நடுவே கடல் நீர் தினம் இரண்டு முறை வற்றி, மைல் கணக்கில் சேறும் மணலும் வெளியே தெரியும். நீர் ஏறினால் கடல், வற்றினால் திடல்! பெரிய கப்பல் நுழைய முடியாத அந்த ஓடைகளில் ஜெர்மனி ரகசியமாக ஏதோ செய்கிறது என்று சந்தேகிக்கிறார்கள் டேவிஸ், கேரதர்ஸ் என்னும் இரண்டு ஆங்கிலேய இளைஞர்கள். படைவீரர்களைப் படகுகளில் ஏற்றி இழுத்துச் சென்று இங்கிலாந்தில் இறக்க ஒத்திகை நடக்கிறது என்பது கடைசியில் தெரிகிறது.

அவர்களிடம் இருந்த கருவிகளைக் கேட்டால் சிரிப்பீர்கள். இன்ஜின் இல்லை, ரேடியோ இல்லை. திசைகாட்டி, கடிகாரம், வரைபடம், ஆழம் பார்க்க ஈயக்குண்டு கட்டிய கயிறு, அவ்வளவுதான். படகு பழைய உயிர்காப்புப் படகை மாற்றிக் கட்டியது. அடி தட்டையாக இருப்பதால் நீர் வற்றும்போது சேற்றில் சாயாமல் உட்கார்ந்துகொள்ளும். கண் தெரியாத மூடுபனியில் ஒருவன் துடுப்புப் போட, மற்றவன் திசைகாட்டியையும் கடிகாரத்தையும் பார்த்து, ஓடையின் ஓரத்தைக் குத்திப் பார்த்துக்கொண்டே மெம்மெர்ட் திட்டுக்கு வழி சொல்லும் அத்தியாயத்தைப் போல நான் வேறெங்கும் படித்ததில்லை.

உரையாடலும் அப்படித்தான். டேவிஸ் அதிகம் பேசமாட்டான். பேசினாலும் படகோட்டியின் வார்த்தைதான் வரும். வெளிநாட்டு இலாகா அதிகாரியான கேரதர்ஸுக்கு அதில் பாதி விளங்காது. ஆனால் டேவிஸுக்கு வராத ஜெர்மன் மொழி அவனுக்கு நன்றாக வரும். மெம்மெர்ட்டில் ஜன்னலோரம் ஒளிந்து நின்று, காதில் விழுந்த துண்டுச் சொற்களைக் கோத்துத்தான் மர்மத்தை அவிழ்க்கிறார்கள். ஒருவனுக்குத் தண்ணீர் தெரியும், ஒருவனுக்கு மொழி தெரியும். தனித்தனியே இருவரும் ஒன்றுமில்லை.

இனி வரலாறு. 1910-ல் டிரெஞ்ச், பிராண்டன் என்னும் பிரிட்டிஷ் அதிகாரிகள் இருவர் அதே தீவுகளில் உளவு பார்த்துப் பிடிபட்டார்கள். லைப்சிக் நீதிமன்றத்தில் இந்த நாவலும் பேச்சில் அடிபட்டது. படித்திருக்கிறேன் என்று பிராண்டன் ஒப்புக்கொண்டார். நான்காண்டுத் தண்டனை. 1913-ல் கைசர் மன்னித்து விடுவித்தார். கதை போய் வரலாற்றின் கதவைத் தட்டியது!

சில்டர்ஸின் முடிவு இன்னும் பெரிய கதை. இங்கிலாந்தைக் காக்க நாவல் எழுதியவர், 1914 ஜூலையில் தம் 'அஸ்கார்ட்' படகில் அயர்லாந்து தொண்டர்களுக்குத் துப்பாக்கிகள் கொண்டுபோய் ஹோத் துறைமுகத்தில் இறக்கினார். அதே ஆண்டு டிசம்பரில் பிரிட்டிஷ் விமானத்தில் ஏறி ஜெர்மன் கரைக்கு மேல் பறந்தார். பிறகு அயர்லாந்து விடுதலைக்கே வாழ்ந்து, உள்நாட்டுப் போரில் ஒரு சிறு கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1922 நவம்பர் 24 அன்று அயர்லாந்து அரசாலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சுட வந்த வீரர்களுடன் கை குலுக்கிவிட்டு நின்றாராம். அவர் மகன் 1973-ல் அந்நாட்டின் குடியரசுத் தலைவரானார்.

இந்த நாவலை நான் தனியாகப் படிக்கவில்லை. நாகப்பட்டினம் பக்கத்து மீனவர் வீட்டுப் பையன் என் விடுதி அறைத்தோழன். நான் இங்கிலீஷைத் தமிழில் சொல்வேன். நீர் ஏற்றம், வற்றம், எத்தனை பாகம் ஆழம் என்பதையெல்லாம் அவன் எனக்கு விளக்குவான். "இந்த டேவிஸ் பேசுறது எங்க அப்பா பேசுற மாதிரியே இருக்குடா" என்பான்.

இங்கிலீஷ் பேப்பரில் இரண்டு முறை அரியர் விழுந்தது. "ரெண்டு மாசம் சொல்லிக் குடுடா" என்று கேட்டான். "என் பரீட்சை முடியட்டும்" என்றேன். அதற்குள் அவன் ஊருக்குப் போய்விட்டான்.

பட்டம் வாங்காததால் இம்மலரின் முகவரிப் பட்டியலில் அவன் பெயர் இல்லை. விசாரித்து விலாசம் கண்டுபிடித்துக் கடிதம் போட்டிருக்கிறேன். நண்பர்களே, அவன் வந்தால் "எந்த வருஷம் பாஸ் பண்ணினே?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.