புல்லட் வண்டியும் அதைப் பேணிய கைகளும்

சென்னை மாநகரின் வடபால், கடலை ஒட்டிக் கிடக்கும் திருவொற்றியூர் தமிழறிந்தார்க்குப் புதிய ஊர் அன்று. சுந்தரர் சங்கிலியாரை மணந்த தலம் அது. பட்டினத்தார் அடங்கிய கடற்கரையும் அதுவே. அவ்வூருக்கு இருபதாம் நூற்றாண்டில் மற்றொரு புகழும் வாய்த்தது. ‘புல்லட்’ என்னும் மோட்டார் சைக்கிள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அங்கே உருவாகி நாடெங்கும் ஓடிற்று.

அவ்வண்டியின் வரலாற்றை எழுதுவோர் ஆலை திறந்த ஆண்டையும் உரிமை கைமாறிய ஆண்டையும் குறிப்பர். ஆனால் அதனை வாழவைத்தோர் வேறு இரு சாரார். ஞாயிறுதோறும் வீட்டு வாசலில் அமர்ந்து வண்டியைத் துடைத்து, முடுக்கி, பின் நெடுஞ்சாலைக்குக் கொண்டு சென்ற ஆர்வலர் ஒரு சாரார். அவர்கட்குக் கைகொடுத்த தெருமுனைப் பட்டறை மெக்கானிக்குகள் மறு சாரார். இவர்கள் பங்கைக் கூறாத புல்லட் வரலாறு பாதி வரலாறே ஆகும்.

ரெட்டிச்சிலிருந்து ஒற்றியூருக்கு

இங்கிலாந்தின் ரெட்டிச்சு நகரில் இயங்கிய என்ஃபீல்டு நிறுவனம் 1901ஆம் ஆண்டு தன் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. என்ஃபீல்டு என்னும் ஊரிலிருந்த அரசத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உறுப்புகள் செய்து கொடுத்த தொடர்பால் வந்தது ‘ராயல் என்ஃபீல்டு’ என்னும் பெயர். ‘புல்லட்’ என்ற பெயர் 1932இல் தோன்றியது. எனினும், பின்னாளில் இந்தியா அறிந்த புல்லட் இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1949இல் வெளிவந்த 346 கன சென்டிமீட்டர் வண்டியேயாகும். ஒற்றை உருளை, கீழே நீண்டு இயங்கும் பிஸ்டன், ஏறத்தாழ 18 குதிரைத்திறன் என்பன அதன் இலக்கணம்.

விடுதலை பெற்ற இந்தியாவின் படைக்கும் காவல்துறைக்கும் உறுதியான வண்டி தேவைப்பட்டது. அதனால் 1955இல் ரெட்டிச்சு நிறுவனமும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் கூடி ‘என்ஃபீல்டு இந்தியா’வைத் தொடங்கின. தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த உறுப்புகளைத் திருவொற்றியூரில் பூட்டினர். நாளடைவில் எல்லா உறுப்புகளையும் இந்நாட்டிலேயே செய்தனர்.

பின் நேர்ந்தது விந்தையானது. ரெட்டிச்சு ஆலை 1967இல் மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தி முற்றும் நின்றது. தாய் மறைந்தாள், சேய் பிழைத்தது. 1977 முதல் சென்னைப் புல்லட், தான் பிறந்த இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று.

குறையே ஆசானாயிற்று

இந்தியாவில் அந்நாளில் தொழில் உரிமமுறையும் இறக்குமதிக் கட்டுப்பாடும் நிலவின. போட்டி குறைவு, ஆகவே மாற்றமும் குறைவு. 1949இன் பொறியமைப்பே பெரிதும் மாறாமல் தொடர்ந்தது. அதன் நற்பண்புகளைப் போலவே குறைகளும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தன.

முதற்குறை எண்ணெய்க் கசிவு. பல பகுதிகளாகச் செய்து பூட்டப்பட்ட அப்பொறியில் மூடிகள் மிகுதி. டாப்பெட் மூடி, முதன்மைச் சங்கிலிப் பெட்டியின் மூடி ஆகியவற்றின் விளிம்புகளில் எண்ணெய் கசியும். நெடுநாள் ஓட்டாது நிறுத்திய வண்டியில் எண்ணெய் இடம்விட்டு இடம் இறங்கி, மீண்டும் இயக்குகையில் புகையாய் வெளிவரும். இரண்டாவது, தீப்பொறியை உரிய நேரத்தில் எழுப்பும் ‘பாயின்ட்’ என்னும் தொடுமுனைகள். அவற்றின் இடைவெளி 0.4 மில்லிமீட்டர் அளவில் நிற்றல் வேண்டும். முனைகள் தேய்ந்தாலோ, மழைநீர் புகுந்தாலோ வண்டி திக்கித் திக்கி ஓடும். சங்கிலி தொய்வதும், கிளட்ச் கம்பி அறுவதும், பிளக் கருகுவதும் அன்றாடத் தொல்லைகள்.

வண்டியைக் கிளப்புவதே ஒரு கலையாக இருந்தது. கைப்பிடியின் இடப்புறமுள்ள சிறு நெம்பை இழுத்து உருளையின் அழுத்தத்தைத் தளர்த்த வேண்டும். முகவிளக்கின் மேலுள்ள ஆம்ப் மீட்டரின் முள் நடுவில் வந்து நிற்கும்வரை கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். முள் நடுவில் நிற்பது தொடுமுனைகள் விலகிவிட்டன என்பதற்கும், பிஸ்டன் உரிய இடத்தை அடைந்துவிட்டது என்பதற்கும் அடையாளம். பிறகு நெம்பை விட்டு, ஒரே உதையாக உதைக்க வேண்டும். முறையறியாது உதைத்தவனைக் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்காலில் வடு வாங்கியோர் பலர். உடல் வலிமையினும் பொறுமையே அங்கு வேண்டப்பட்டது.

இக்குறைகளே ஓட்டுநரை மாணவராக்கின. குளிர்ந்த பொறியில் டாப்பெட் தண்டைத் தொட்டு உருட்டிப் பார்ப்பர். அது தடையின்றிச் சுழலவும் வேண்டும். மேலும் கீழும் ஆடவும் கூடாது. அந்த நுண்ணிய எல்லையை விரல்நுனி அறிந்தது. பிளக்கைக் கழற்றி அதன் நிறம் காண்பர். கரியாய் இருந்தால் பெட்ரோல் மிகுதி, வெளிறியிருந்தால் பெட்ரோல் குறைவு, இளம்பழுப்பே நலம். நாடி பிடித்து நோய் கண்ட பண்டை மருத்துவரின் முறைக்கும் இதற்கும் தொலைவு அதிகமில்லை.

ஞாயிற்றுப் பயணம்

ஆர்வலர்க்கு வாரத்தின் பயன் ஞாயிறன்று விளைந்தது. விடியுமுன் எண்ணெய் அளவு பார்த்து, சங்கிலிக்கு எண்ணெயிட்டு, டயர்க்காற்றைச் சரிசெய்து புறப்படுவர். சென்னையினர்க்கு அண்மைய இலக்கு மாமல்லபுரம். கிழக்குக் கடற்கரைச் சாலை 1998இல் செம்மையுற்ற பின் அப்பயணம் எளிதாயிற்று. மலையை நாடியோர் ஏலகிரிக்குச் சென்றனர். அம்மலைப் பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர், வள்ளல்களின் பெயர்கள் சூட்டப்பட்டுள்ளன. பாரதியாரையும் திருவள்ளுவரையும் கபிலரையும் கடந்து, பாரியையும் பேகனையும் நோக்கி ஏறும் வண்டிக்கு அது பெருஞ்சோதனை. வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையோ 70 வளைவுகளைக் கொண்டது. அங்கே ஏற்றத்தில் கிளட்சும், இறக்கத்தில் பிரேக்கும் தம் உண்மையை உரைத்துவிடும்.

பயணத்தில் எவரும் தனியராய்ச் சென்றாரல்லர். காரணம் நட்பு மட்டுமன்று. வண்டி வழியில் நின்றுவிடக்கூடும் என்ற முன்னறிவும்தான். ஒருவர் பையில் மாற்றுப் பிளக்கும் பாயின்டும் இருக்கும்; மற்றொருவரிடம் கிளட்ச் கம்பி; இன்னொருவரிடம் டியூபும் ஒட்டுப் பசையும். கம்பி அறுந்தால், பொறியின் ஓசையைக் கேட்டே வேகம் கணித்துக் கிளட்ச் இன்றிக் கியர் மாற்றி ஊர் சேர்ந்தோர் உண்டு. புளியமரத்தடியில் ஒரு வண்டி நின்றால் எல்லா வண்டிகளும் நிற்கும். அந்த ஒரு மணி நேரத்தில் இளையவர் மூத்தவரிடம் கற்றது, எந்தப் பள்ளியிலும் கற்க இயலாதது. பழுது அவர்களைப் பிரிக்கவில்லை, கூட்டி வைத்தது.

பட்டறைத் தமிழ்

ஓட்டுநர் கையால் தீராத பழுது பட்டறைக்குச் சென்றது. பழைய உறுப்புகளுக்குச் சென்னைப் புதுப்பேட்டை பெயர் பெற்றது. பட்டறைகளில் சிறுவராய்ச் சேர்ந்து, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து, பிறகு தாமே பொறியைப் பிரிக்கக் கற்றோர் பலர். ஆங்கிலக் கையேட்டைப் படிக்க இயலாத அவர்கள் ஆங்கிலேயர் வரைந்த பொறியைத் தமிழிலே கற்றனர், தமிழிலே கற்பித்தனர்.

தமிழாசிரியர் கருதத்தக்க செய்தி இதில் உண்டு. வண்டி ‘இழுக்கவில்லை’ என்பர். ‘மிஸ்ஸிங் அடிக்கிறது’ என்பர். ‘பெட்ரோல் குடிக்கிறது’ என்பர். பொறியை முழுதும் பிரிப்பதை ‘இஞ்சின் இறக்குவது’ என்பர். பொருட்பெயர்கள் ஆங்கிலமாயினும் வினைகள் யாவும் தமிழ். மாட்டுவண்டியையும் ஏற்றத்தையும் அறிந்த மக்கள் தம் பழைய வினைச்சொற்களைப் புதிய பொறியின் மேல் ஏற்றினர். கலைச்சொல் அகராதிகள் பெயர்களைத் தேடித் தொகுத்தபோது, பட்டறைகள் ஓசையின்றி வினைகளைத் தந்துகொண்டிருந்தன.

மறக்கவியலாத வண்டி

1984 முதல் 1986 வரையிலான ஆண்டுகளில் ஜப்பானியக் கூட்டுறவால் 100 கன சென்டிமீட்டர் வண்டிகள் இந்தியச் சாலைகளில் வந்திறங்கின. ஓசூரில் டி.வி.எஸ். சுசுகியும், வடக்கே ஹீரோ ஹோண்டாவும், யமஹாவின் ஆர்.எக்ஸ். 100உம் வெளிவந்தன. அவை எடை குறைந்தவை, எண்ணெய் கசியாதவை, ஒரே உதையில் கிளம்புபவை. பெட்ரோலை நிரப்பு, மூடு, மறந்துவிடு என்பதே ஹீரோ ஹோண்டாவின் புகழ்பெற்ற விளம்பரத்தின் கருத்து. புல்லட்டோ மறக்கவியலாத வண்டி. நாள்தோறும் அலுவலகம் செல்வோர் மறக்கக்கூடிய வண்டியை விரும்பியது இயல்பே.

புல்லட்டின் விற்பனை தளர்ந்தது. 1994இல் ஐஷர் குழுமம் நிறுவனத்தைத் தன்பால் ஏற்றது. 2000ஆம் ஆண்டளவில் அத்தொழிலையே கைவிடலாமா என்ற எண்ணமும் எழுந்தது. அவ்வேளையில் சித்தார்த்த லால் பொறுப்பேற்று அதனை மீட்டார் என்று தொழில் வரலாறு கூறும். அது உண்மையே. ஆயினும் மீட்பதற்கு ஒன்று எஞ்சியிருந்தது எவ்வாறு? தம் தந்தையர் ஓட்டிய வண்டியை விற்காமல் ஞாயிறுதோறும் துடைத்து ஓடவைத்தோர் இருந்தமையாலன்றோ அப்பெயருக்கு மதிப்பு எஞ்சியது?

புதிய பொறியும் பழைய கையும்

மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது பழைய வார்ப்பிரும்புப் பொறி விடைபெற நேர்ந்தது. பொறியும் கியர்ப் பெட்டியும் ஒன்றான புதிய அமைப்புடன் ‘கிளாசிக்’ 2009இல் வந்தது. வலக்காலிலிருந்த கியர் இடக்காலுக்கு மாறியது, தொடுமுனைகள் மறைந்தன, பொத்தானை அழுத்தினாலே பொறி கிளம்பிற்று. 2013இல் ஒரகடத்தில் புதிய ஆலை எழுந்தது. 2018 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் 8 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் விற்பனையாயின.

இதனை இழப்பென்று மட்டும் கூறல் முறையன்று. நள்ளிரவில் நடுவழியில் நின்ற துன்பமும், சாலையில் சிந்திய எண்ணெயும், நகரக் காற்றில் கலந்த புகையும் போற்றத்தக்கன அல்ல. ஓட்டத் தெரிந்தால் போதும் என்ற நிலை, பழுது பார்க்கத் தெரியாதோர்க்கும் நெடுஞ்சாலையைத் திறந்துவிட்டது. ஆயினும் ஒன்று கைநழுவியது. முன்னாள் ஓட்டுநர் தம் வண்டியின் உள்ளுறுப்பு ஒவ்வொன்றையும் அறிந்தவர். அவர்க்குப் பின் வந்தவர் பழுது நேரின் பணிமனைக்குத் தொலைபேசுகிறார். முன்னவர் வண்டிக்கு உரியவர். பின்னவர் வண்டியை உடையவர். இரண்டும் ஒன்றல்ல.

பழைய புல்லட்டுகள் இன்றும் ஓடுகின்றன. அவற்றின் ஓசையைக் கேட்டே பாயின்டைத் திருத்தும் முதியவர்களும் ஆங்காங்கே உள்ளனர். கையேடுகள் நூலகத்தில் நிலைக்கும், இடைவெளி 0.4 மில்லிமீட்டர் என்று அவை சொல்லும். ஆனால் அளவுகோல் இல்லாத மலைப்பாதையில் அதனை விரலால் அறிவது எங்ஙனம் என்பதைக் கையேடு சொல்வதில்லை. அவ்வறிவைக் கேட்டுக் குறித்துவைக்க, மெக்கானிக்கின் பட்டறைப் பலகையில் அரைநாள் அமர மனமுள்ள ஒரு மாணவர் போதும். கோயிற் கல்வெட்டைப் படியெடுப்பதற்கு எத்துணைத் தகுதி உண்டோ, அத்துணைத் தகுதி இப்பணிக்கும் உண்டு.