எட்டுக் கேள்விக்குறிகள்

மாங்கேணிப் பக்கத்து இளைஞர் ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார்: லினக்ஸ் வழங்கியை நிறுவும்போது தாய்மொழி ஆதரவை இயக்குவதா, விட்டுவிடுவதா? யாரும் உட்கார்ந்து பார்க்காத இயந்திரத்துக்குத் தமிழ் எதற்கு என்கிறாராம் அவருடைய மேலாளர். நான் கணினித் துறையினன் அல்லன். செய்தி எழுதிப் பிழைத்தவன். ஆயினும் என்னிடம் ஒரு பழைய விடை உண்டு.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை வாகரைக் கரையோரத்தையும் சிதைத்தது. சில வாரங்கள் கழித்து அங்கு சென்ற என்னிடம், காணாமற்போனோரின் பெயர்களைத் தொண்டர் ஒருவர் பென்டிரைவில் தந்தார். ஊருக்கொரு கோப்பு; ஊரின் பெயரே கோப்பின் பெயர். கொழும்பில் ஓர் அலுவலகத்தின் லினக்ஸ் கணினியில் அதைச் செருகினேன். ஊர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாய் நின்றன. எண்ணிப் பார்த்து ஊரைக் கண்டுபிடிக்க முயன்றோம். வாகரைக்கு ஐந்து. மாங்கேணிக்கு எட்டு. கதிரவெளிக்கும் எட்டு! திறக்கவும் இயலவில்லை. வட்டை இணைக்கும்போது யூடிஎஃப்-8 என்று குறிப்பிடாததால், லினக்ஸ் கரு இலத்தீன் எழுத்து அட்டவணையைக் கொண்டு தமிழைப் படிக்க முயன்றதே காரணம் என்று பின்னர் அறிந்தேன். அன்றிரவு வேறொரு கணினியில்தான் அப்பெயர்களை வாசித்தோம்.

அதே வாரங்களில் இலங்கைத் தன்னார்வலர்கள் ‘சகனா’ என்ற கட்டற்ற மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தனர். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். காணாமற்போனோரையும் முகாம்களையும் பதியும் அந்த மென்பொருள் 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும், 2010இல் ஹெயிட்டிக்கும் சென்றது. மொழிபெயர்க்க இடம் வைத்து எழுதப்படாத மென்பொருள் அவ்வளவு தூரம் போயிராது.

இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் 1987இலேயே தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. கணினியில் தமிழுக்கான இலங்கைத் தரம், எஸ்எல்எஸ் 1326, வந்ததோ 2008இல். இடையில் எத்தனை பட்டியல்கள் பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டன! எழுத்துரு இல்லாத கணினியில் அவை ஆங்கில எழுத்துகளின் குப்பை.

மேலாளர் சொல்வதிலும் பாதி நியாயம் உண்டு. வழங்கியின் பிழைச்செய்திகள் ஆங்கிலத்தில் இருப்பதே நல்லது. நள்ளிரவில் பிழைக்கு விடை தேடுபவருக்கு அதுவே உதவும். ஆனால் செய்திகளின் மொழி வேறு, எழுத்துகளின் குறிமுறை வேறு, அகரவரிசை வேறு. லினக்ஸில் மூன்றையும் தனித்தனியே அமைக்கலாம். வரிசையை அமைக்காவிட்டால், தமிழில் கடைசியாக வரவேண்டிய னகரம் பகரத்துக்கு முன்னால் வந்து நிற்கும். வாக்காளர் பட்டியலில் பெயர் தேடுபவர் தம் பெயர் இல்லையென்றே திரும்பிவிடுவார். புதிய லினக்ஸ்களில் பெரும்பாலும் யூடிஎஃப்-8 தானாகவே அமைந்திருக்கிறது. ஆனால் டாக்கர் பெட்டிகள் பலவற்றில் இன்றும் பழைய வெற்று அமைப்பே.

செய்திகளை ஆங்கிலத்தில் விடுங்கள், எழுத்தையும் வரிசையையும் தமிழுக்கு அமையுங்கள் என்று இளைஞருக்கு எழுதினேன். பென்டிரைவை இணைக்கும் கட்டளையிலும் யூடிஎஃப்-8 சேர்க்கச் சொன்னேன். கதிரவெளிக்கும் எட்டு என்பதை அவர் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பதில் எழுதினார்.