குறைமாதக் குழந்தையும் வேலூரின் பழைய நோட்டுகளும்

ஓபியில் அடிக்கடி வரும் கேள்வி இது. "டாக்டர், ஏழு மாசத்துலயே பொறந்த புள்ள. இப்போ ரெண்டு வயசு. பக்கத்து வீட்டுப் புள்ள அளவுக்கு எடையே கட்ட மாட்டேங்குது. என்ன குடுத்தா தேறும்?"

கூடவே வந்திருக்கும் அப்பத்தா விட மாட்டார். "கொழுகொழுன்னு ஆக்கி விடுங்க சார், நாலு பேரு நோஞ்சான்னு சொல்றாங்க."

ரெண்டு வரியில் பதில் சொல்லி அனுப்பிவிடலாம்தான். ஆனால் அந்த ரெண்டு வரியை மருத்துவ உலகம் கற்றுக்கொள்ள நூறு வருடம் ஆனது. அதில் முக்கியமான பகுதி லண்டனிலோ நியூயார்க்கிலோ நடக்கவில்லை. மைசூரிலும் நம்ம வேலூரிலும் டெல்லியிலும் நடந்தது. நீளமான இழைதான், பொறுமையா வாங்க சொந்தங்களே.

முதலில் குறைமாதம் என்றால் என்ன? 37 வாரம் முடியும் முன் பிறந்தால் குறைமாதம். இது இன்றைய கணக்கு. அந்தக் காலத்தில் வாரக் கணக்கே கிடையாது, தராசுதான். பின்லாந்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஆர்வோ இல்ப்போ 1919ல் ஒரு கோடு போட்டார்: 2500 கிராமுக்கு கீழே பிறந்தால் அது குறைமாதக் குழந்தை. 1948ல் உலக சுகாதார நிறுவனமும் அதையே எடுத்துக்கொண்டது.

இந்தக் கோட்டை நம்ம ஊரில் வைத்துப் பாருங்கள். பத்து மாதமும் வயிற்றில் இருந்து, இரண்டே கால் கிலோவில் பிறக்கும் பிள்ளைகள் இங்கே எத்தனை பேர்! அவர்கள் எல்லாரும் காகிதத்தில் "குறைமாதம்" ஆகிப்போனார்கள். இந்தக் குளறுபடி புரிந்து 1961ல் அந்தச் சொல்லை மாற்றி "பிறப்பு எடை குறைவு" என்று வைத்தார்கள். சீக்கிரம் பிறப்பது வேறு, சிறிதாகப் பிறப்பது வேறு. ரெண்டும் ஒரே பிள்ளைக்கு சேர்ந்தும் வரலாம்.

ஏன் இதில் இவ்வளவு மெனக்கெடுகிறேன் என்றால், கடைசி மூன்று மாதத்தில் வயிற்றுக்குள் நடக்கும் வேலை அப்படி. தோலுக்கடியில் கொழுப்பு சேர்வது அப்போதுதான். இரும்புச்சத்தும் கால்சியமும் தாயிடமிருந்து இறங்குவதும் பெரும்பாலும் அப்போதுதான். சிறுநீரகத்தின் வடிகட்டிகளில் பாதிக்கும் மேல் உருவாவதும் அந்த மூன்று மாதத்தில்தான். சுமார் 36 வாரத்தோடு அந்த உற்பத்தி முடிந்துவிடும், அதற்குப் பிறகு ஆயுசுக்கும் புதிதாக ஒன்றுகூட வராது. 30 வாரத்தில் பிறந்த பிள்ளை இந்த வேலையையெல்லாம் வெளியே, ஊசிக்கும் குழாய்க்கும் நடுவே செய்ய வேண்டும்.

பிழைக்க வைப்பதே பெரும்பாடாக இருந்த காலம் ஒன்று உண்டு. பாரிஸில் தார்னியே என்ற மகப்பேறு மருத்துவர், உயிரியல் பூங்காவில் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்துவிட்டு 1880களின் தொடக்கத்தில் குழந்தைகளுக்கு வெப்பப்பெட்டி செய்யச் சொன்னார். 1978ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் பெட்டி போதாமல் தாயின் நெஞ்சோடு கட்டி வைத்தார்கள். இன்று நம் அரசு மருத்துவமனைகளில் செய்யும் கங்காரு முறை அங்கிருந்து வந்ததுதான். ("ஏழுல பொறந்தா தங்கும், எட்டுல பொறந்தா தங்காது" என்று இன்னமும் சொல்கிறார்கள். சுத்தப் பொய். வயிற்றில் ஒவ்வொரு வாரம் கூடக்கூட பிழைக்கும் வாய்ப்பும் கூடும்.)

பிழைத்துவிட்டார்கள். சரி, முப்பது நாற்பது வயதில் இவர்கள் உடம்பு எப்படி இருக்கும்? இந்தக் கேள்வியைக் கேட்க யாருக்கும் நேரமில்லை.

கேட்டவர் டேவிட் பார்க்கர் என்ற இங்கிலாந்து மருத்துவர். ஹெர்ட்ஃபோர்ட்ஷைர் மாவட்டத்தில் 1911 முதல் செவிலியர்கள் வீடு வீடாகப் போய் குழந்தையின் பிறப்பு எடையையும் ஒரு வயது எடையையும் பேரேட்டில் எழுதி வைத்திருந்தார்கள். பார்க்கர் குழு அந்த ஆட்களைத் தேடிப் பிடித்தது. எடை குறைவாகப் பிறந்து, ஒரு வயதிலும் எடை குறைவாக இருந்த ஆண்கள் இதய நோயில் இறப்பது அதிகம் என்று 1989ல் வெளியிட்டார்கள். அடுத்த சில வருடங்களில் சர்க்கரை நோயும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது.

அப்போ இந்தியாவில் பேரேடே இல்லையா? இருந்தது.

மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் மருத்துவமனையில் 1934 முதல் பிறந்த பிள்ளைகளின் எடை, நீளம், தலைச்சுற்றளவு எல்லாம் எழுதி வைத்திருந்தார்கள். கரோலின் ஃபால் என்ற மருத்துவரின் குழு, அங்கே பிறந்து நாற்பது ஐம்பது வயதைத் தொட்டிருந்த 506 பேரைத் தேடிப் பிடித்து பரிசோதித்தது. 1998ல் வந்த முடிவு இங்கிலாந்துக் கதையோடு ஒட்டவில்லை. எடை குறைந்த பிள்ளைகளை விட, பிறக்கும்போது குட்டையாகவும் உயரத்துக்கு மீறிய பருமனோடும் இருந்தவர்களுக்கு, அதிக எடையுள்ள தாய்மாருக்குப் பிறந்தவர்களுக்கு, சர்க்கரை நோய் அதிகம். நம்ம உடம்பின் கதை கொஞ்சம் வேற என்பதற்கான முதல் மணி அது.

புனேயில் டாக்டர் யாக்னிக் குழு இன்னொன்றைக் காட்டியது. புனே சுற்றுவட்டக் கிராமங்களில் பிறந்த பிள்ளை சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பிள்ளை 3.5 கிலோ. நம் பிள்ளைக்கு தசை குறைவு, வயிற்று உறுப்புகள் சிறிது. ஆனால் தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு.

இப்போ வேலூருக்கு வருவோம். 1969 முதல் 1973 வரை வேலூர் நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் பிறந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை சிஎம்சி ஆய்வாளர்கள் அளந்து வைத்தார்கள். பிறந்ததும் ஒரு முறை, கைக்குழந்தையாக ஒரு முறை, பள்ளி வயதில், பிறகு விடலைப் பருவத்தில். அப்போது அவர்கள் மனதில் சர்க்கரை நோய் இல்லை. யோசித்துப் பாருங்கள், கணினி கிடையாது, செல்போன் கிடையாது. தராசைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக நடந்திருக்கிறார்கள். பல வருடம் கழித்து அதே பெயர்களோடு மறுபடியும் தேடிப் போய், 28 வயதை ஒட்டியிருந்த 2218 பேரைப் பரிசோதித்தார்கள். சர்க்கரை ஏறத் தொடங்கியிருந்தவர்கள் யார் தெரியுமா? சின்ன வயதில் ஒல்லியாக இருந்து, அதன்பிறகு வேகமாக எடை போட்டவர்கள்.

டெல்லியில் அதே காலத்தில் பிறந்த 1492 பேரின் கதையும் இதேதான். 2004ல் வெளியானது. 26 முதல் 32 வயதுக்குள் 4.4 சதவீதம் பேருக்கு சர்க்கரை நோய், 10.8 சதவீதம் பேருக்கு அதன் முந்தைய நிலை. இவர்கள் இரண்டு வயதில் மெலிந்திருந்தவர்கள், பிறகு 12 வயது வரை படிப்படியாக சதை போட்டவர்கள். இதில் கவனிக்க வேண்டியது, 12 வயதில் அவர்களில் ஒருத்தர்கூட குண்டு கிடையாது. வகுப்பில் நிறுத்திப் பார்த்தால் "நல்லா தேறிட்டான்" என்றுதான் சொல்லியிருப்போம்.

இவையெல்லாம் பெரும்பாலும் பிறப்பு அளவு, வளர்ச்சி பற்றிய ஆய்வுகள். சீக்கிரம் பிறந்ததற்கென்றே தனிக் கணக்கு உண்டா? அதே 2004ல், அதே மருத்துவ இதழில், நியூசிலாந்திலிருந்து பதில் வந்தது. 32 வாரத்துக்குள் பிறந்து 4 முதல் 10 வயதில் இருந்த பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். இன்சுலினுக்கு உடம்பு கீழ்ப்படிவது அவர்களிடம் குறைவாக இருந்தது. அந்த வாரத்துக்கு உரிய சரியான எடையோடு பிறந்தவர்களுக்கும் அப்படித்தான்.

அப்போ எடையே ஏற்றாமல் விட்டுவிடலாமா? இங்கேதான் கத்தி மேல் நடக்க வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தில் ஆலன் லூகாஸ் குழு 1982 முதல் குறைமாதக் குழந்தைகளுக்கு சத்து கூட்டிய பாலும் சாதாரண பாலும் கொடுத்து வருடக்கணக்கில் பின்தொடர்ந்தது. சத்து கூட்டிய பால் குடித்தவர்களுக்கு, குறிப்பாக ஆண் பிள்ளைகளுக்கு, ஏழெட்டு வயதில் மூளைத்திறன் நன்றாக இருந்தது. பதின்ம வயதில் பார்த்தால், இன்சுலின் எதிர்ப்பின் அடையாளமும் அதே சத்துப் பால் கூட்டத்தில்தான் கூடுதல்.

மூளையா, இன்சுலினா? என் பதில் தயக்கமில்லாமல் மூளை. பிறந்த முதல் வாரங்களில், மாதங்களில் பட்டினி போட்டால் போனது திரும்ப வராது. நாற்பது வயதில் வரக்கூடிய சர்க்கரைக்கு பயந்து ஒன்றரைக் கிலோ பிள்ளையின் பாலைக் குறைப்பது அபத்தம். தாய்ப்பால் முதலில், மருத்துவர் சொன்னால் அதோடு சத்து சேர்ப்பு, சொட்டு மருந்தாக இரும்புச்சத்து. ஆபத்து ஆரம்பிப்பது அதன் பிறகு. பிள்ளை தன் கோட்டைப் பிடித்த பிறகும் வீட்டில் அமுக்குவதை நிறுத்துவதில்லை பாருங்க, அங்கே.

அந்தக் கோடு எது என்பதிலேயே பாதி வீடுகளில் தப்புக் கணக்கு. 32 வாரத்தில் பிறந்த பிள்ளைக்கு இன்று ஆறு மாதம் என்றால், வளர்ச்சி அட்டையில் அவனுக்கு நாலு மாதம்தான். 40 வாரத்துக்கு எத்தனை வாரம் பாக்கியோ அதைக் கழிக்கணும். இரண்டு வயது வரை இப்படித்தான் பார்க்க வேண்டும். கழித்துப் பார்த்தால் லால்குடி பக்கம் "நோஞ்சான்" பட்டம் வாங்கிய பாதிப் பிள்ளைகள் சரியாகவே வளர்ந்துகொண்டிருப்பது தெரியும்.

எடையை மட்டும் பார்க்காதீர்கள், உயரத்தோடு சேர்த்துப் பாருங்கள். உயரமும் எடையும் சேர்ந்து ஏறினால் சந்தோஷம். உயரம் நிற்க, எடை மட்டும் ஏறினால் அது தேறுவது இல்லை. அங்கன்வாடி சத்துமாவு, முட்டை, பருப்பு, கீரை, நிலக்கடலை போதும் (கடலையை இடித்துக் கொடுங்கள், முழுசாகக் கொடுத்தால் புரையேறும்). பாலில் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை, டப்பா பவுடர், மாலையில் பாக்கெட் தீனி, இதெல்லாம் வேண்டாம். மூன்று வயதுக்கு மேல் வருடம் ஒரு முறை இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளைக்கு எதுக்கு பிரஷர் என்று யாராவது சிரித்தால், சிறுநீரக வடிகட்டிக் கதையைச் சொல்லுங்கள்.

பயப்படுத்த இதை எழுதவில்லை. குறைமாதத்தில் பிறந்து நலமாக இருப்பவர்கள்தான் அதிகம். ஆபத்து கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

அப்புறம், அந்தத் தாய் சேய் நல அட்டை. எத்தனை வாரம், எத்தனை கிலோ என்று அதில் எழுதியிருக்கும். தடுப்பூசி முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். போட்டோ எடுத்து வையுங்கள், அட்டையையும் ஆதார் கார்டு இருக்கும் கவரிலேயே வையுங்கள். முப்பது வயதில் அந்தப் பிள்ளை செக்கப்புக்கு போகும்போது டாக்டர் கேட்க வேண்டிய கேள்வி அதில் இருக்கிறது. பெண் பிள்ளை என்றால், அவள் தாயாகும்போதும் கேட்பார்கள்.